வான் கதவு திறக்க மறுத்தால்...

காலை ஆறரை மணியிலிருந்து ஏழரை மணி வரை யாழ்ப்பாணத்தின் எந்தச் சந்தியில் நின்று பார்த்தாலும் பாடசாலை வான்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் ஒழுங்கை வாசல்களில் காத்து நிற்பார்கள். வான் நிற்கும். கதவு பக்கவாட்டில் சறுக்கித் திறக்கும். ஒரு பிள்ளை ஏறும், கதவு மூடும், வான் அடுத்த ஒழுங்கைக்குப் போகும். ஒரு காலை நேரத்தில் மட்டும் இந்தக் கதவு முப்பது நாற்பது தடவை திறந்து மூடுகிறது. பின்னேரமும் அப்படியே.

இந்த வான்களுக்கும் எமது பெண்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கணவனை இழந்த அல்லது கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்கள் சிலர் லீசிங்கில் எடுத்த வான் ஒன்றை வைத்தே குடும்பத்தைக் கொண்டு நடத்துகிறார்கள். சிலர் சாரதிக்குச் சம்பளம் கொடுத்து ஓட்டுவிக்கிறார்கள். சிலர் தாங்களே ஓட்டுகிறார்கள். வேறு சிலர் பாடசாலை வானில் உதவியாளராக, பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை செய்கிறார்கள். காலை இழந்தவர்களையும் முதுகில் காயப்பட்டவர்களையும் கிளினிக்குக்குக் கொண்டு போவதும் பெரும்பாலும் வாடகை வான்தான்.

இப்படியான வான்களில் பலவற்றின் கதவு இப்போது மின்சாரத்தில் இயங்குகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் தானாகத் திறக்கும், தானாக மூடும். வேலை செய்யும் வரை சுகம்தான். ஒரு நாள் அது அசைய மறுத்தால், உள்ளே பதினைந்து பிள்ளைகள், வெளியே மழை, பாடசாலை மணி அடிக்க ஐந்து நிமிடம் என்ற நிலையில் என்ன செய்வது? இதைத் தெரிந்து வைத்திருப்பது மெக்கானிக்கின் வேலை மட்டுமல்ல. வானை நம்பி வாழும் பெண்ணும் அதில் வேலை செய்யும் பெண்ணும் தெரிந்திருக்க வேண்டியது. அதற்கு இயந்திரப் படிப்புத் தேவையில்லை. சில விடயங்களை ஒழுங்காகப் பார்க்கும் பழக்கமே போதும்.

இந்த வான்கள் எங்கிருந்து வந்தன?

எமது வீதிகளில் ஓடும் வான்களில் அநேகமானவை ஜப்பானில் சில காலம் ஓடிய பின் இங்கு கொண்டுவரப்பட்டவை. டொயோட்டா நிறுவனம் ஹயஸ் வானை முதன்முதலில் 1967 இல் வெளியிட்டது. 1989 இல் வந்த உருவத்தையே எமது மக்கள் ‘டொல்பின்’ என்று அழைக்கிறார்கள். 2004 இல் வந்தது ‘கேடிஎச்’. டொல்பின் வான்களில் பெரும்பாலும் கையால் இழுக்கும் கதவு. கேடிஎச் வானின் சில ரகங்களிலும், நோவா, வொக்ஸி, எஸ்டிமா, செரீனா போன்ற குடும்ப வான்களிலும் மின்கதவு வந்தது. ஜப்பானிலும் எமது நாட்டைப் போலவே இடது பக்கமாக வாகனம் ஓட்டுவதால், கதவு சரியாக வீதியோரப் பக்கம் அமைந்திருப்பது எமக்கு வசதி.

2020 மார்ச் மாதத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. ஏறக்குறைய ஐந்து வருடம் புதிய வான்கள் வரவில்லை. இருந்தவையே மேலும் மேலும் ஓடின. இடையில் 2022 இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்ததும் உதிரிப்பாகங்களின் விலை கைக்கெட்டாத உயரத்துக்குப் போயிற்று. ஆகவே இன்று எம்மிடம் இருப்பவை வயது போன வான்கள். வயது போன வானில் முதலில் களைப்பது அடிக்கடி அசையும் பாகம். அதுதான் கதவு.

எமது மண்ணும் இதற்கு ஒரு காரணம். வலிகாமத்துச் செம்மண் தூசி, வடமராட்சிக் கரையோர மணல், பண்ணைப் பாலத்தைத் தாண்டித் தீவகத்துக்குப் போகும்போது வீசும் உப்புக் காற்று எல்லாம் இந்தக் கதவின் தண்டவாளத்தில்தான் போய்த் தங்குகின்றன. பிள்ளைகளின் சப்பாத்திலிருந்து விழும் மண் மிச்சத்தைச் செய்கிறது.

கதவுக்குள் என்ன இருக்கிறது?

கதவை ஒரு சிறிய புகையிரதம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அது மூன்று தண்டவாளங்களில் ஓடுகிறது: மேலே ஒன்று, கீழே மிதிபடிக்கு அருகில் ஒன்று, வெளிப்பக்கம் நடுவில் பின் சில்லுக்கு மேலாக ஒன்று. ஒவ்வொன்றிலும் சிறிய றோலர் உருளுகிறது.

ஒரு மோட்டர் சுழன்று, உருளை ஒன்றில் சுற்றப்பட்ட கம்பிக் கேபிளை இழுக்கிறது. கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடுவது போல, கேபிள் ஒரு பக்கம் இழுத்தால் கதவு திறக்கும், மறுபக்கம் இழுத்தால் மூடும். கதவு மூடி முடியும் கடைசி விரலிடையில் இன்னொரு சிறிய மோட்டர் பூட்டைப் பிடித்து இறுக்கி இழுக்கும். கதவின் முன் விளிம்பில் றப்பர் பட்டி போன்ற தொடு சென்சர் இருக்கும். மூடும்போது கையோ பையோ தடுத்தால் கதவு திரும்பித் திறப்பதற்கு இதுவும் உதவுகிறது. இவற்றையெல்லாம் ஒரு சிறிய கணினிப் பெட்டி கட்டுப்படுத்துகிறது.

இந்தக் கணினிப் பெட்டி சந்தேகம் வந்தால் கதவை அசைக்காமல் விட்டுவிடும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். எனவே ‘கதவு வேலை செய்யவில்லை’ என்றால் ‘கதவு பழுது’ என்று உடனே முடிவு கட்டக் கூடாது. பல வேளைகளில் கதவு ஏதோ ஒரு காரணத்துக்காக மறுக்கிறது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பதே எமது வேலை.

முதலில் ஆட்களைப் பாருங்கள்

கதவைப் பார்க்கும் முன் இவற்றைச் செய்யுங்கள்.

• வானைச் சமதரையில் வீதியோரம் நிறுத்துங்கள். சரிவில் நின்றால் பாதி திறந்த கதவு தன் பாரத்தாலேயே ஓடி மூடக்கூடும்.
• கியரை ‘பி’ நிலைக்குப் போட்டு, கைப்பிறேக்கை இழுங்கள்.
• பிள்ளைகளைக் கதவிலிருந்து தள்ளி இருக்கச் சொல்லுங்கள். யாருடைய கையும் கதவு விளிம்பிலோ தண்டவாளத்திலோ இருக்கக் கூடாது.
• டாஷ்போர்டில் உள்ள மின்கதவின் பிரதான சுவிச்சை அணைத்துவிட்டே கையை உள்ளே விடுங்கள்.

பிரதான சுவிச்சை அணைத்தாலும் பல டொயோட்டா வான்களில் கடைசியாகப் பூட்டை இழுக்கும் சிறிய மோட்டர் தொடர்ந்து வேலை செய்யும். கதவு கிட்டத்தட்ட மூடிய நிலையில் விரலை இடையில் வைத்தால் அது விடாமல் இழுக்கும். அந்தக் கடைசி இடைவெளியில் தொடு சென்சரையும் நம்ப முடியாது. உதவியாளராக வேலை செய்யும் சகோதரிகள் இதைத் தினமும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கையால் தள்ளிப் பாருங்கள்

பிரதான சுவிச்சை அணைத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக் கதவைக் கையால் மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். இந்த ஒரு சோதனை அரைவாசிப் பிரச்சினையைச் சொல்லிவிடும்.

கதவு கையால் இலகுவாக ஓடுகிறது என்றால் தண்டவாளமும் றோலரும் நல்ல நிலையில் இருக்கின்றன. பிரச்சினை மின்சாரப் பக்கம்: சுவிச், பற்றரி, பியூஸ், வயர், மோட்டர்.

கதவு கைக்கும் பாரமாக இருக்கிறது, ஓர் இடத்தில் இடறுகிறது என்றால் பிரச்சினை இயந்திரப் பக்கம்: மண், தேய்ந்த றோலர், வளைந்த தண்டவாளம், சிக்கிய கேபிள். இந்த நிலையில் மோட்டரைப் புதிதாக மாற்றினாலும் பயனில்லை. புதிய மோட்டரும் அதே பாரத்தை இழுத்துக் களைத்துப்போகும்.

மின்சாரப் பக்கம் என்றால்

காசு செலவில்லாதவற்றை முதலில், செலவு வைப்பவற்றைப் பின்னர் என்ற ஒழுங்கில் பாருங்கள்.

1. பிரதான சுவிச். முன் சீற்றில் இருந்த பிள்ளையின் கை பட்டு அது அணைந்திருக்கலாம். அணைந்திருந்தால் கதவு கையால் மட்டுமே ஓடும்.

2. கியரும் பிறேக்கும். சில வான்களில் கியர் ‘பி’ இல் இருந்தால்தான், அல்லது பிறேக்கை மிதித்திருந்தால்தான் கதவு திறக்கும். வான் உருண்டுகொண்டிருந்தால் திறக்காது. அது பிள்ளைகளின் பாதுகாப்புக்கானது.

3. பூட்டு. எல்லாக் கதவுகளும் பூட்டப்பட்டிருந்தால் முதலில் பூட்டைத் திறவுங்கள்.

4. சிறுவர் பூட்டு. கதவைத் திறந்து அதன் விளிம்பைப் பார்த்தால் சிறிய நெம்பு ஒன்று தெரியும். அது போடப்பட்டிருந்தால் உள்ளேயுள்ள கைப்பிடி வேலை செய்யாது, வெளிக் கைப்பிடி வேலை செய்யும். வானைக் கழுவும்போது கை பட்டு இது மாறிவிடுவதுண்டு.

5. எரிபொருள் மூடி. தாங்கியின் வாய் கதவின் பக்கத்தில் இருக்கும் வான்களில், மூடி திறந்திருந்தால் கதவு முழுதாகத் திறக்காது. எரிபொருள் நிரப்பியவுடன் ‘கதவு பழுதாகிவிட்டது’ என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

6. எந்தச் சுவிச்சில் வேலை செய்யவில்லை? றிமோட், டாஷ்போர்ட் சுவிச், கைப்பிடி மூன்றையும் தனித்தனியே முயன்று பாருங்கள். றிமோட்டில் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் றிமோட்டுக்குள் இருக்கும் பொத்தான் பற்றரி முடிந்திருக்கலாம். ஒரு சுவிச்சில் மட்டும் என்றால் அந்தச் சுவிச்சையே பார்க்க வேண்டும். மோட்டரில் பிழையில்லை.

7. வானின் பற்றரி. மின்கதவு நிறைய மின்சாரம் குடிக்கும். பற்றரி பலவீனமானால் கதவு பாதியில் நிற்கும், அல்லது அசையவே அசையாது. எஞ்சின் நிற்கும்போது நல்ல பற்றரி 12.6 வோல்ற் அளவு காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.5 இலிருந்து 14.5 வரை காட்ட வேண்டும். மானி இல்லாவிட்டால், காலையில் எஞ்சின் சோம்பலாகச் சுற்றுகிறதா, லைற் மங்குகிறதா என்று கவனியுங்கள். எஞ்சினை ஓட விட்டுக் கதவை முயன்று பாருங்கள். அப்போது வேலை செய்தால் பற்றரியைத்தான் பார்க்க வேண்டும்.

8. பற்றரி மாற்றிய பின். பற்றரியைக் கழற்றிப் பூட்டினால் கணினிப் பெட்டி கதவு எங்கே நிற்கிறது என்பதை மறந்துவிடும். கதவைக் கையால் ஒரு முறை முழுதாக மூடுங்கள். பல வான்களில் அத்துடன் கதவு திரும்ப வேலை செய்யும். இதைத் தெரியாமல் கராஜுக்குப் போய்க் காசு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

9. பியூஸ். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, பியூஸ் பெட்டி மூடியில் உள்ள படத்தைப் பார்த்து உரிய பியூஸைக் கழற்றுங்கள். உள்ளே உள்ள கம்பி அறுந்திருந்தால் அதே எண் எழுதிய பியூஸையே போடுங்கள்.

பியூஸ் அறுந்தது ஏன் என்று கேளுங்கள்

அறுந்த பியூஸுக்குப் பதிலாகச் செப்புக் கம்பி சுற்றுவதும், சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை வைப்பதும் எமது ஊரில் நடக்கிறது. இது நெருப்போடு விளையாடுவது. கதவு சிக்கி, மோட்டர் அளவுக்கு மீறி இழுத்தபோது வயரைக் காப்பாற்றுவதற்காகவே பியூஸ் தன்னை அறுத்துக்கொள்கிறது. ஈயத்தாளை வைத்தால் அடுத்த முறை எரிவது வயர். அந்த வயர் பிள்ளைகள் இருக்கும் சீற்றுக்குப் பக்கத்தால்தான் ஓடுகிறது.

இது வயது போன வான்களின் பிரச்சினை மட்டுமல்ல. 2016 நவம்பரில் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 7 இலட்சத்து 44 ஆயிரம் சியன்னா வான்களைத் திருத்துவதற்காகத் திருப்பி அழைத்தது. கனடாவில் எமது உறவுகள் பலரும் ஓட்டும் அதே வகை வான்தான். கதவு ஏதாவது காரணத்தால் அசைய முடியாமல் தடைப்படும்போது மோட்டரின் மின்சுற்றில் பாரம் கூடி பியூஸ் அறுந்துவிடலாம். அந்த நேரத்தில் பூட்டு விடுபட்ட நிலையில் இருந்தால், வான் ஓடும்போது கதவு திறந்துகொள்ளலாம். இதுவே அங்கு கண்டறியப்பட்ட குறை. இவ்வளவு பெரிய நிறுவனமே கதவு பியூஸை இவ்வளவு பாரதூரமாக எடுத்தது. நாமும் அப்படித்தான் எடுக்க வேண்டும். பியூஸ் ஒரு முறை அறுந்தால் மாற்றலாம். திரும்பவும் அறுந்தால், காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை மின்கதவைப் பாவிக்க வேண்டாம்.

இயந்திரப் பக்கம் என்றால்

கீழ்த் தண்டவாளத்தில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். கல், நாணயம், பென்சில் துண்டு, ரொபித் தாள், கச்சான் கோது எதுவும் அகப்படலாம். பழைய பல்துலக்கும் தூரிகையால் கிளறி, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். வெளியே உள்ள நடுத் தண்டவாளத்தை மறக்க வேண்டாம். பலர் அதைப் பார்ப்பதேயில்லை.

கதவு காட்டும் அறிகுறிகளையும் கவனியுங்கள்.

• பாதி மூடித் திரும்பித் திறந்தால்: ஏதோ தடுக்கிறது, அல்லது முன் விளிம்பின் தொடு சென்சர் கிழிந்திருக்கிறது. றப்பர் பட்டியில் வெடிப்பு உள்ளதா என்று பாருங்கள். ‘சென்சரைக் கழற்றிவிட்டால் சரி’ என்று யாராவது சொன்னால் இணங்க வேண்டாம். பிள்ளையின் கையைக் காப்பாற்றுவது அதுதான்.
• முழுதும் மூடி, கடைசியில் பூட்டு விழாமல் பீப் சத்தம் கேட்டால்: பூட்டில் அழுக்கு, அல்லது பூட்டை இழுக்கும் சிறிய மோட்டர் களைத்திருக்கிறது.
• மோட்டர் சுழலும் சத்தம் கேட்கிறது, கதவு அசையவில்லை என்றால்: கேபிள் அறுந்திருக்கலாம் அல்லது உருளையிலிருந்து விலகியிருக்கலாம்.
• ‘கரகர’ என்ற சத்தமும், நூல் பிரிந்தது போலக் கம்பி இழைகளும் தெரிந்தால்: கேபிள் அறுந்துகொண்டு வருகிறது. அன்றிலிருந்தே பிரதான சுவிச்சை அணைத்துக் கையால் பாவியுங்கள். முழுதாக அறுந்து உள்ளே சிக்கினால் கையாலும் திறக்க முடியாமல் போகலாம்.
• ஒரு நாள் வேலை செய்து மறுநாள் செய்யாவிட்டால்: கதவோடு சேர்ந்து மடிந்து விரியும் வயர்க் கட்டில் முறிவு, அல்லது கதவுக்கும் உடலுக்கும் இடையிலான செப்புத் தொடுமுனைகளில் அழுக்கு. தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடைத்துப் பார்க்கலாம். வயர் முறிவு ஓட்டோ எலெக்ட்ரீசியனின் வேலை.

தண்டவாளத்துக்குக் கிறீஸ் அள்ளிப் பூசுவது எமது பெரிய தவறு. எமது மண்ணில் கிறீஸும் மணலும் சேர்ந்தால் அது அரத்தாள் போல றோலரைத் தின்னும். தேங்காயெண்ணெயும் அப்படியே தூசியைப் பிடித்து வைக்கும். மண்ணெண்ணெய் றப்பரைக் கெடுக்கும். துடைத்துச் சுத்தமாக்கி, சிலிக்கோன் ஸ்பிறே மெல்லியதாக அடித்தாலே போதும்.

கராஜில் பேசத் தெரிய வேண்டும்

வலிகாமத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் பாடசாலை வான் வைத்திருக்கிறார். 2009 இல் கணவரை இழந்தவர். ஒரு நாள் கதவு நின்றுவிட்டது. கொண்டுபோன இடத்தில் பார்த்த பார்வையிலேயே, “அக்கா, உதுக்கு மோட்டர் போயிட்டுது. மாத்தத்தான் வேணும்” என்றார்கள். சொன்ன தொகை அவருடைய ஒரு மாத லீசிங் கட்டணத்தைவிடக் கூட.

அக்கா உடனே சம்மதிக்கவில்லை. “தம்பி, சுவிச்சை நிப்பாட்டிப்போட்டுக் கையால ஒருக்காத் தள்ளிக் காட்டுங்கோ” என்றார். கதவு இறுகி இறுகி வந்தது. “கையாலயே ஓடாத கதவை மோட்டர் எப்பிடி இழுக்கும்? முதல்ல றோலரைப் பாருங்கோ” என்றார். கழற்றிப் பார்த்தால் கீழ் றோலர் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதை மாற்றியதும் பழைய மோட்டரே கதவை இழுத்தது. செலவு சொன்ன தொகையில் சிறு பங்குதான். அந்தத் திருத்துநர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அவசரத்தில் பெரிய பாகத்தைச் சொல்வது அந்தத் தொழிலில் வழமை. கேள்வி கேட்பவருக்கு முன்னால் அவசரம் குறைகிறது.

நீங்களும் இவற்றைக் கேளுங்கள்.

• “என்ன பழுது? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?” காட்டச் சொல்லுங்கள்.
• “கேபிள் மட்டும் மாற்ற முடியுமா, மோட்டரோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டுமா?”
• “போடப்போவது புதிய பாகமா, ஜப்பானிலிருந்து வந்த பழைய பாகமா? எத்தனை நாள் உத்தரவாதம்?”
• “கழற்றிய பழைய பாகத்தைத் தாருங்கள்.”
• தொகையை வேலைக்கு முன்னரே எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

பற்றுச்சீட்டு இருந்தால்தான் முறையிட முடியும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

பணம் இல்லாவிட்டால் வெட்கப்படத் தேவையில்லாத இன்னொரு வழியும் உண்டு. மின்சாரப் பகுதியை நிறுத்திவிட்டு, தண்டவாளத்தையும் றோலரையும் பூட்டையும் மட்டும் சரி செய்து, கதவைக் கையால் பாவிக்கலாம். டொல்பின் வான்கள் இத்தனை வருடம் அப்படித்தான் ஓடின. கையால் தள்ளும் கதவு குறையல்ல. சரியாகப் பூட்டாத கதவுதான் குறை. கதவு பூட்டாவிட்டால் கயிற்றால் கட்டிக்கொண்டு பிள்ளைகளை ஏற்றாதீர்கள். அன்றைய ஓட்டத்தை வேறொரு வானிடம் கொடுங்கள். ஒரு நாள் வருமானம் போனால் மறுநாள் உழைக்கலாம்.

உள்ளே இருப்பவர் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும்

எமது பெண்கள் பலருக்கு வான் கதவு சறுக்கித் திறக்கும் சத்தம் வெறும் சத்தமல்ல. ‘வெள்ளை வான்’ என்ற சொல் இந்த நாட்டில் எந்த அச்சத்தைக் குறித்தது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தமது பிள்ளையை, கணவனைக் கொண்டு போன அந்தக் கதவின் சத்தம் இன்னும் சிலருக்கு நித்திரையைக் கெடுக்கிறது. மகளைப் பாடசாலை வானில் ஏற்றவே தயங்கி, நெடுந்தூரம் சைக்கிளில் கொண்டு போய் விட்ட தாய்மாரை எனது பணியில் சந்தித்திருக்கிறேன்.

அந்த அச்சத்தைப் புத்திமதியால் போக்க முடியாது. ஆனால் ஒரு தாய்க்கு உதவியது எதுவென்றால், வானை நிறுத்திவைத்து, அந்தக் கதவை அவரே உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பல தடவை திறந்து மூடிப் பார்த்ததுதான். பூட்டிய கதவுக்குள் தன் பிள்ளை அகப்படாது, அதைத் திறக்கும் வழி பிள்ளைக்குத் தெரியும் என்ற உறுதி அவருக்கு வேண்டியிருந்தது.

அந்த உறுதியை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். தவணைக்கு ஒரு முறை, வானை நிறுத்திவைத்துப் பத்து நிமிடம் செலவழியுங்கள்.

• பிரதான சுவிச்சை அணைத்துவிட்டு, உள் கைப்பிடியை இழுத்துக் கதவைத் தள்ளித் திறக்க மூத்த பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.
• சிறுவர் பூட்டு போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்க முடியாது என்பதைச் சொல்லுங்கள். அப்போது முன் கதவு, பின் கதவு, யன்னல் எங்கே என்று காட்டுங்கள்.
• பின் கதவின் முன்னால் பைகளை அடுக்காதீர்கள். அதுவும் ஒரு வாசல்தான்.
• கதவு முழுதாகத் திறந்து நின்ற பின்னரே இறங்க வேண்டும், ஓடும் கதவைப் பிடிக்கக் கூடாது என்பதைப் பழக்கமாக்குங்கள்.
• கதவு மூடுமுன் உதவியாளர் “கை எடுங்கோ” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். தினமும் சொன்னால் பிள்ளைகளே சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.
• கடைசிப் பிள்ளை இறங்கியதும், கடைசிச் சீற் வரை நடந்து போய்ப் பாருங்கள். நித்திரையாகிப்போன பிள்ளை மூடிய வானுக்குள் விடப்படக் கூடாது.

யாருக்காவது காயம் ஏற்பட்டால் 1990 ‘சுவசெரிய’ நோயாளர் காவு வண்டிச் சேவை இலவசம். அந்த இலக்கத்தை வானில் பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள்.

செயற்கைக் கால் பாவிக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. மின்கதவு உங்களுக்குப் பெரிய உதவி. இழுத்துத் தள்ளும்போது சமநிலை தவறாது. ஆனால் கதவைப் பிடித்துக்கொண்டு ஏறாதீர்கள். அது அசையக்கூடும். உள்ளே உள்ள பிடியைப் பிடியுங்கள். பிடி இல்லாவிட்டால் பூட்டித்தரும்படி வான் உரிமையாளரைக் கேளுங்கள். அது பெரிய செலவு இல்லை.

மாதத்தில் அரை மணித்தியாலம்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். மூன்று தண்டவாளங்களையும் தூரிகையால் கூட்டித் துடையுங்கள். நான்கு முறை கையால் ஓட்டிப் பார்த்து, பாரம் கூடுகிறதா என்று உணருங்கள். தொடு சென்சரின் றப்பரையும் பூட்டையும் துடையுங்கள். பற்றரி முனைகளில் வெள்ளை பூத்திருந்தால், அவற்றைக் கழற்றி வெந்நீரால் துடைத்து உலர்த்திப் பூட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாரிக்கு முன் கதவின் அடிப்பகுதியிலுள்ள சிறு நீர்வடி துளைகளைக் குச்சியால் குத்தி விடுங்கள். தீவகத்துக்கோ கடற்கரைப் பக்கமோ ஓடும் வான் என்றால் வாரத்துக்கு ஒரு முறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

ஒரு கொப்பி வைத்திருங்கள். கதவு எப்போது நின்றது, மழையா வெயிலா, என்ன சத்தம் கேட்டது, என்ன மாற்றினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை எழுதுங்கள். ‘எப்பவாவது நிக்குது’ என்று சொல்லும் பெண்ணை விட, ‘மழை பெய்த நாட்களில் மட்டும் நிக்குது’ என்று சொல்லும் பெண்ணுக்குத் திருத்துநர் விரைவில் விடை சொல்வார்.

இது எமக்குப் புதியதல்ல

1990 களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் இல்லாமல், சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. பற்றரி தடைசெய்யப்பட்டபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்ட ஊர் இது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுற்றிய கைகளில் பெண்களின் கைகளும் இருந்தன. அப்போது யாரும் எம்மிடம், ‘இது பொம்பிளையளுக்கு விளங்காது’ என்று சொல்லவில்லை. தேவை இருந்தது, செய்தோம்.

இப்போது அதற்கு முறையான படிப்பும் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கிறார்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையும் இப்படியான பயிற்சிகளை நடத்துகிறது. உங்கள் மகள் இயந்திர வேலையில் விருப்பம் காட்டினால் தடுக்காதீர்கள். பிரதேச செயலகத்திலுள்ள மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போய் விசாரியுங்கள்.

சகோதரிகளே, உங்கள் மாதர் சங்கத்தில் வான் வைத்திருப்பவர், வானில் வேலை செய்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒரு வானைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிரதான சுவிச் எங்கே, சிறுவர் பூட்டு எங்கே, பியூஸ் பெட்டி எங்கே என்று எல்லோரும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். சுவிச்சை அணைத்துவிட்டு ஒவ்வொருவரும் கதவைக் கையால் தள்ளிப் பாருங்கள். ஒரு மணித்தியாலம் போதும்.